மீறல் வழக்குகள் குறைந்தால் நாடுகள் திருந்திவிட்டன என்று பொருளா? ஐரோப்பிய ஒன்றியத் தரவைப் படிப்பது எப்படி?

அளவுகோல்:
ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம், ஒன்றியச் சட்டத்தை மீறும் உறுப்பு நாடுகள்மீது எடுக்கும் மீறல் நடவடிக்கைகள் 2004-க்குப் பிறகு மளமளவென்று சரிந்தன. அவற்றில் ஒன்றிய நீதிமன்றம் வரை போனவை இன்னும் வேகமாகக் குறைந்தன. கோடு இறங்குவதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஏன் இறங்கியது என்பதில்தான் சண்டை.

டான்யா பெர்ஸல் 2021-இல் வெளியிட்ட நூலில், நாடுகள் சட்டத்தை மீறுவது 1990-களிலிருந்தே குறைந்துவருகிறது, புதிய நாடுகள் சேர்ந்த பிறகும் அது மாறவில்லை என்கிறார். டேனியல் கெலமனும் டொமாசோ பவோனேயும் 2023-இல் எழுதிய கட்டுரை இதற்கு நேர் எதிர். தன் சட்ட முன்மொழிவுகளுக்கு அரசுகளின் ஆதரவு போய்விடுமோ என்று அஞ்சி, ஆணையத்தின் அரசியல் தலைமையே கையைக் கட்டிக்கொண்டது என்பது அவர்கள் வாதம்.

இந்தத் துறையில் ஆய்வுத் திட்டம் எழுதுகிறவர்கள் எந்தத் தரவை எடுத்து எப்படிப் பிரித்தால் இந்த இரண்டு விளக்கங்களையும் தனித்தனியாகச் சோதிக்க முடியும்? பொதுக் கருத்து வேண்டாம். வேலை செய்யும் முறை வேண்டும்.

மூன்றாம்படி:
நடைமுறையின் படிகளை வரிசையாக எழுதிப் பார்த்தாலே பாதிக் குழப்பம் தீரும். ஒன்றிய இயக்க ஒப்பந்தத்தின் 258-ஆம் பிரிவின்படி முதலில் முறையான அறிவிப்புக் கடிதம். பதில் சொல்ல வழக்கமாக 2 மாதம். திருப்தி இல்லை என்றால் காரணங்களோடு கூடிய கருத்துரை. அதற்கும் வழக்கமாக 2 மாதம். அதற்கும் மசியாவிட்டால்தான் நீதிமன்றம். தீர்ப்பு வந்தும் நாடு அசையவில்லை என்றால், 260(2)-இன் கீழ் இரண்டாவது வழக்கு; பணத் தண்டனை அங்கேதான் வருகிறது.

இதில் பலர் கவனிக்காத ஒன்று: மீறல் இருந்ததா என்பதை நீதிமன்றம் பார்ப்பது கருத்துரையில் கொடுத்த கெடு முடிந்த நாளின் நிலையை வைத்து. தீர்ப்புக்கு முந்தின நாள் சட்டத்தைத் திருத்திவிட்டு "இப்போது சரியாகிவிட்டதே" என்று வாதாடிப் பயனில்லை. ஆகவே கெடுவுக்குள் சரிசெய்ய நாட்டுக்கு வலுவான காரணம் இருக்கிறது, பெரும்பாலான கோப்புகள் நீதிமன்றத்தைப் பார்க்காமலே மூடப்படுகின்றன. எஞ்சி வருபவை மூன்று வகை: நாடு விட்டுக்கொடுக்கவே விரும்பாதது, உள்நாட்டு நாடாளுமன்றம் முட்டுக்கட்டை போட்டது, சட்டப் பொருளே உண்மையில் தெளிவில்லாதது. தீர்ப்புகளை மட்டும் எடுத்து "இணக்கம்" பற்றி எழுதும் கட்டுரைகள் இந்தச் சல்லடைக்குப் பின்னால் நிற்பதை மட்டுமே பார்க்கின்றன.

இன்னொன்று, ஒவ்வொரு படியிலும் அடுத்த படிக்குப் போவதா என்பது ஆணையத்தின் விருப்பம். 1989 பிப்ரவரி 14-ஆம் தேதித் தீர்ப்பிலேயே (வழக்கு 247/87, ஸ்டார் ஃப்ரூட்) நீதிமன்றம் இதை உறுதி செய்துவிட்டது. புகார் கொடுத்தவர் ஆணையத்தைக் கட்டாயப்படுத்த முடியாது. காவல் நிலையத்தில் வழக்குப் பதிவு குறைந்ததைக் காட்டித் திருட்டு குறைந்தது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். இங்கே மட்டும் ஏன் நம்ப வேண்டும்?

தரவுத்தச்சன்:
மூன்றாம்படி சொன்னதோடு, எண்ணுவதிலேயே நடக்கும் தவறுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆணையத்தின் மீறல் முடிவுகள் தளத்தில் ஒரு வரி என்பது ஒரு முடிவு, ஒரு கோப்பு அல்ல. ஒரே கோப்புக்கு அறிவிப்புக் கடிதம், கூடுதல் அறிவிப்புக் கடிதம், கருத்துரை, நீதிமன்றத்துக்கு அனுப்பல், மூடல் என்று ஐந்து வரி வரலாம். பதிவிறக்கிய கையோடு வரிகளைக் கூட்டினால், இழுபறியான கோப்புகள் உள்ள நாடு அதிகம் மீறும் நாடாகத் தெரியும். கோப்பு எண்ணை வைத்துத் தொகுத்த பிறகுதான் எண்ண வேண்டும்.

அந்தக் கோப்பு எண்ணிலேயே தகவல் இருக்கிறது. அடைப்புக்குறிக்குள் ஆண்டு, பிறகு நான்கு இலக்கம். பூஜ்யத்தில் தொடங்கினால், நெறியாணையை (ஒவ்வொரு நாடும் கெடுவுக்குள் தன் சட்டமாக்க வேண்டிய ஒன்றியச் சட்டம்) உள்நாட்டுச் சட்டமாக்கியதை அறிவிக்காத கோப்பு. 2-இல் தொடங்கினால் ஆணையம் தானாக எடுத்தது. 4-இல் தொடங்கினால் புகாரின் பேரில் எடுத்தது. இந்த மூன்றையும் ஒரே கோட்டில் வரைவதுதான் இத்துறையின் மிகப் பெரிய பாவம். முதல் வகை ஏறத்தாழ இயந்திரத்தனம்: கெடு தாண்டியது, அறிவிப்பு வரவில்லை, கடிதம் போகிறது. யாரும் அரசியல் கணக்குப் போட வேண்டியதில்லை. அந்த எண்ணிக்கை, அந்த ஆண்டு எத்தனை நெறியாணைகளின் கெடு முடிந்தது என்பதோடு சேர்ந்து ஏறி இறங்கும். தகவல் தெரிவிப்போர் பாதுகாப்பு நெறியாணையை (2019/1937) எடுத்துக்கொள்ளுங்கள். கெடு 2021 டிசம்பர் 17. 2022 ஜனவரியில் ஒரே மூச்சில் 24 நாடுகளுக்குக் கடிதம் போனது. ஒரு சட்டம், 24 கோப்பு.

வகுக்கும் எண்ணையும் மறக்காதீர்கள். 2004 ஏப்ரல் வரை 15 நாடு, மே 1 முதல் 25, 2007 ஜனவரி 1 முதல் 27, 2013 ஜூலை 1 முதல் 28, 2020 பிப்ரவரி 1 முதல் மீண்டும் 27. பிரிட்டன் தனிச் சிக்கல். 2020 டிசம்பர் 31-இல் மாறுதல் காலம் முடிந்த பிறகும், அதற்கு முந்தைய மீறல்களுக்கு 4 ஆண்டு வரை அதன்மீது வழக்குத் தொடுக்க விலகல் ஒப்பந்தம் இடம் கொடுத்தது. 2020-ஓடு பிரிட்டனை வெட்டி எறிந்தால் சில கோப்புகள் அந்தரத்தில் நிற்கும்.

எதிர்க்கேள்வி:
நீங்கள் இருவரும் ஆணையத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டுத்தான் பேச ஆரம்பிக்கிறீர்கள். 2008-இல் ஈயூ பைலட் வந்தது. கடிதத்துக்கு முன்பே நாட்டோடு பேசித் தீர்க்கும் வழி, பதிலுக்கு 10 வாரம். அங்கே தீர்ந்துவிட்டால் கோப்பு எண்ணே பிறக்காது. அது நல்ல நிர்வாகம்தானே? அதோடு லிஸ்பன் ஒப்பந்தம் 260(3)-ஐக் கொண்டுவந்தது. அறிவிக்காத நாட்டுக்கு முதல் தீர்ப்பிலேயே அபராதம். பயந்து முன்கூட்டியே சரிசெய்திருக்கலாம். பெர்ஸலின் வாதத்தை இவ்வளவு லேசாகத் தள்ள முடியாது.

மூன்றாம்படி:
தள்ளவில்லை. காலவரிசையைப் பாருங்கள் என்கிறேன். சரிவு தொடங்குவது 2004-ஐ ஒட்டி. பைலட் 2008-இல். லிஸ்பன் நடைமுறைக்கு வந்தது 2009 டிசம்பர் 1. 260(3)-இன்படி முதல் தண்டனைத் தீர்ப்பே 2019 ஜூலை 8-இல்தான் வந்தது (சி-543/17, பெல்ஜியம், நாளொன்றுக்கு 5,000 யூரோ). பின்னால் வந்தது முன்னால் நடந்ததற்குக் காரணம் ஆகாது. 2008-க்குப் பிந்தைய சரிவில் பைலட்டுக்குப் பங்கு உண்டு, அதை ஏற்றுக்கொள்கிறேன்.

இன்னொரு சோதனையும் கையில் இருக்கிறது. 2016 டிசம்பரில் வந்த அறிவிக்கையில் ஆணையம் தன் கொள்கையை மாற்றியது: இனி முன்னுரிமை உள்ள மீறல்களில் கவனம், பைலட் வழியாகச் சுற்றாமல், பயன் இருந்தால் மட்டும் அதைத் தொட்டுவிட்டு, நேராக நடவடிக்கை. பைலட்தான் எண்ணிக்கையை விழுங்கியது என்றால், 2017 முதல் 2-இலும் 4-இலும் தொடங்கும் கோப்புகள் மேலே வர வேண்டும். தரவுத்தச்சன் சொன்னபடி பிரித்து வரைந்து, பூஜ்யக் கோப்புகளை ஒதுக்கிவிட்டுப் பாருங்கள். ஆண்டறிக்கைகளில் தெரியும் ஏற்ற இறக்கத்தில் பெரும்பங்கு அந்த ஒதுக்கிய வகையிலிருந்து வருவது.

சட்டநோக்கு:
எண்ணிக்கையை விட்டுவிட்டு வகைப்பாட்டுக்கு வருவோம். அங்கே நடக்கும் தவறு இதைவிட மோசம், வெளியே தெரியாது.

ஹங்கேரி நீதிபதிகளின் ஓய்வு வயதை 70-இலிருந்து 62-க்கு இறக்கியது. ஒரே வீச்சில் மூத்த நீதிபதிகளைக் காலி செய்யும் ஏற்பாடு என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. ஆணையம் வழக்குத் தொடுத்தது, 2012 நவம்பர் 6-இல் வென்றது (சி-286/12). எந்தச் சட்டத்தின் கீழ்? வேலையில் வயதுப் பாகுபாட்டைத் தடுக்கும் நெறியாணை 2000/78. தீர்ப்பு முழுக்க வயது பற்றியே பேசுகிறது; ஹங்கேரி நீதித்துறையின் சுதந்திரம் காப்பாற்றப்பட்டதா என்ற கேள்விக்கு அதில் இடமே இல்லை.

போலந்து உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் ஓய்வு வயதை 70-இலிருந்து 65-க்கு இறக்கியது. அதே உத்தி. 2019 ஜூன் 24-இல் தீர்ப்பு (சி-619/18). இந்த முறை வழக்குக்கு அடிப்படை, ஒன்றிய ஒப்பந்தத்தின் 19(1)-ஆம் பிரிவு, அதாவது நீதித்துறைச் சுதந்திரமே. இடையில் நடந்தது 2018 பிப்ரவரி 27-ஆம் தேதியின் போர்ச்சுகல் நீதிபதிகள் தீர்ப்பு (சி-64/16). சம்பளக் குறைப்பு பற்றிய சாதாரண வழக்கு. அதில்தான் 19(1)-ஐ வைத்து உறுப்பு நாட்டு நீதிமன்றங்களின் சுதந்திரத்தைச் சோதிக்கலாம் என்ற கதவைத் திறந்தார்கள்.

இப்போது ஒன்றியத்தின் சட்டத் தரவுத்தளமான யூர்-லெக்ஸின் பொருள் குறியீட்டை நம்பி "சட்ட ஆட்சி வழக்குகள்" என்று வடிகட்டுங்கள். போலந்து வரும். ஹங்கேரி சமூகக் கொள்கை, வேலைவாய்ப்பு என்ற பெட்டியில் போய் உட்கார்ந்திருக்கும். 2012-இல் ஆணையம் ஒன்றுமே செய்யவில்லை, 2018-க்குப் பிறகு திடீரென்று விழித்துக்கொண்டது என்று ஒரு கட்டுரை எழுதிவிடலாம், வரைபடமும் அழகாக வரும். சட்ட அடிப்படைக்கு ஒரு பத்தி, உண்மையில் தகராறு எதைப் பற்றியது என்பதற்கு இன்னொரு பத்தி என்று கையால் குறிக்காமல் இதற்கு வழியில்லை. இருவர் தனித்தனியாகக் குறித்து, முரண்பாடுகளை மூன்றாமவர் பார்ப்பதே சரி.

அளவுகோல்:
பணத் தண்டனையை வைத்து மீறலின் கடுமையை அளக்கலாமா? சில கட்டுரைகளில் பார்த்தேன்.

தரவுத்தச்சன்:
அளக்கலாம், ஆனால் நான்கு இடத்தில் வழுக்கும்.

ஒன்று, நாட்டின் அளவு. தினசரித் தண்டனையை ஆணையம் முன்மொழியும்போது ஒரு அடிப்படைத் தொகையைக் கடுமைக் கெழு (1 முதல் 20), கால அளவுக் கெழு (மாதத்துக்கு 0.10 வீதம், உச்சம் 3), நாட்டின் செலுத்தும் திறனைக் காட்டும் காரணி ஆகியவற்றால் பெருக்குகிறது. அந்தக் கடைசிக் காரணிதான் தொகையை ஆட்டிவைக்கிறது. அதே தகவல் தெரிவிப்போர் நெறியாணைக்காக 2025 மார்ச் 6 அன்று ஒரே நாளில் வந்த தீர்ப்புகளைப் பாருங்கள்: ஜெர்மனி 3.4 கோடி யூரோ, செக் குடியரசு 23 லட்சம், ஹங்கேரி 17.5 லட்சம், லக்ஸம்பர்க் 3.75 லட்சம், எஸ்தோனியா 5 லட்சமும் நாளுக்கு 1,500-உம். ஒரே நெறியாணை, ஒரே வகைத் தவறு. கச்சாத் தொகையைச் சார்பு மாறியாக வைத்தால் மொத்த உள்நாட்டு உற்பத்தியைத்தான் அளந்திருப்பீர்கள். மடக்கை எடுத்து உற்பத்தியைக் கட்டுப்பாட்டு மாறியாகச் சேர்ப்பது குறைந்தபட்ச மரியாதை.

இரண்டு, ஒருமுறைத் தொகையும் காலத் தொகையும் வேறு வேறு. காலத் தொகை எவ்வளவு நாள் ஓடியது என்று தெரியாமல் இரண்டையும் கூட்ட முடியாது. அதிலும் அலகு மாறும். முதல் தண்டனைத் தீர்ப்பு 2000 ஜூலை 4, கிரீட் தீவின் கூரூபிடோஸ் குப்பை மேட்டுக்காகக் கிரீஸுக்கு நாளுக்கு 20,000 யூரோ (சி-387/97). 2005 ஜூலை 12-இல் பிரான்ஸுக்கு, அளவு குறைந்த மீன்களைப் பிடித்து விற்பதைத் தடுக்காததற்கு, 2 கோடி ஒருமுறைத் தொகை, கூடவே ஒவ்வொரு 6 மாதத்துக்கும் 5,77,61,250 யூரோ (சி-304/02). இரண்டையும் ஒரே பத்தியில் போட்டுவிட்டு "பிரான்ஸின் தினசரித் தண்டனை 5.7 கோடி" என்று கணினி சொன்னால், குற்றம் கணினியுடையது அல்ல.

மூன்று, இடைக்கால உத்தரவுகள். போலந்துக்கு 2021 அக்டோபர் 27-இல் விதித்த நாளுக்கு 10 லட்சம் யூரோ, 260-ஆம் பிரிவின் தண்டனை அல்ல; இறுதித் தீர்ப்புக்கு முன் வந்த உத்தரவு (சி-204/21). 2023 ஏப்ரல் 21-இல் பாதியாகக் குறைத்தார்கள், அதே ஆண்டு ஜூன் 5-இல் இறுதித் தீர்ப்பு வந்தது. போலந்தின் துருவ் நிலக்கரிச் சுரங்கத்துக்காக விதித்த நாளுக்கு 5 லட்சமும் இடைக்காலம்தான். அங்கே வழக்குப் போட்டது ஆணையமே அல்ல, 259-ஆம் பிரிவின்படி செக் குடியரசு.

நான்கு, விதித்தது வேறு, வந்துசேர்ந்தது வேறு. போலந்து கட்டாத தொகையை அந்த நாட்டுக்குப் போக வேண்டிய ஒன்றிய நிதியிலிருந்து ஆணையம் கழித்துக்கொண்டது.

எதிர்க்கேள்வி:
நிதியைப் பற்றிப் பேச்சு வந்ததால் கேட்கிறேன். அமலாக்கமே மீறல் நடவடிக்கையை விட்டுப் பணப்பைக்கு நகர்ந்துவிட்டதோ? சட்ட ஆட்சியை மீறும் நாட்டுக்கு ஒன்றிய நிதியை நிறுத்த இடம் தரும் 2020/2092 நிபந்தனை ஒழுங்குமுறையை நீதிமன்றம் 2022 பிப்ரவரி 16-இல் செல்லும் என்றது. அந்த ஆண்டு டிசம்பர் 15-இல் ஹங்கேரிக்கு ஏறத்தாழ 630 கோடி யூரோ நிறுத்தப்பட்டது. இது எந்த மீறல் தரவிலும் வராது.

சட்டநோக்கு:
சரியான இடத்தைத் தொட்டீர்கள். இது கெலமன்–பவோனே வாதத்துக்கும் பெர்ஸல் வாதத்துக்கும் ஒரே மாதிரி இடைஞ்சல். 2022-க்குப் பிறகு கோப்புகள் குறைந்தால், பின்வாங்கல் என்றும் சொல்ல முடியாது, இணக்கம் என்றும் சொல்ல முடியாது, கருவி மாறியிருக்கலாம். ஆய்வின் காலத்தை 2020-ஓடு நிறுத்திக்கொள்வது கோழைத்தனம் அல்ல, நேர்மை. நீட்டித்தே ஆக வேண்டும் என்றால் நிதி நிறுத்தங்களை அதே நாடு, அதே ஆண்டு அட்டவணையில் தனி மாறியாகச் சேர்க்க வேண்டும்.

அதற்காகக் கருவி மாறியதால் கடுமை குறைந்தது என்றும் எண்ண வேண்டாம். 2024 ஜூன் 13-இல் புகலிடச் சட்டத்துக்காக ஹங்கேரிக்கு 20 கோடி யூரோ, நாளுக்கு 10 லட்சம் வேறு (சி-123/22).

கீழ்நீதி:
எல்லாரும் ஆணையத்தையே பார்க்கிறீர்கள். தேசிய நீதிமன்றங்கள் 267-ஆம் பிரிவின்படி அனுப்பும் முன்தீர்வுக் கோரிக்கைகள் (ஒன்றியச் சட்டத்துக்கு என்ன பொருள் என்று ஒன்றிய நீதிமன்றத்தைக் கேட்பது) வழியாகவும் மீறல்கள் அம்பலமாகின்றன. ஆணையம் ஒதுங்கியபோது இந்த வழி நிரம்பியதா என்பது நல்ல ஆய்வுக் கேள்வி. ஆனால் அந்தத் தரவில் அண்மையில் ஒரு முறிவு விழுந்திருக்கிறது.

2024 அக்டோபர் 1 முதல் ஆறு துறைகளின் கோரிக்கைகள், ஒன்றிய நீதிமன்றத்துக்குக் கீழே உள்ள பொது நீதிமன்றத்துக்கு மாறின: மதிப்புக் கூட்டு வரி, கலால், சுங்கச் சட்டக்கோவை, சுங்கப் பட்டியல் வகைப்பாடு, பயணிகள் இழப்பீடு, உமிழ்வு வணிகம். எல்லாக் கோரிக்கையும் முதலில் நீதிமன்றத்துக்கே வருகிறது, பிறகுதான் மாற்றப்படுகிறது. தீர்ப்பு வரும்போது, யூர்-லெக்ஸ் ஒவ்வொரு ஆவணத்துக்கும் தரும் செலெக்ஸ் எண்ணில் சிஜே இருக்காது, டிஜே இருக்கும். சிஜே மட்டும் தேடும் பழைய நிரலை அப்படியே ஓட்டினால், வரித் துறையில் கோரிக்கைகள் வற்றிவிட்டன என்று கதை சொல்லும்.

செலெக்ஸ் பற்றி ஒரு வார்த்தை. வைஸ் வழக்கின் எண் 62017சிஜே0493. முதல் 6 என்றால் தீர்ப்புச் சட்டம், 2017 பதிவான ஆண்டு. தீர்ப்பு வந்ததோ 2018 டிசம்பர் 11. எண்ணிலிருந்து ஆண்டை வெட்டியெடுத்துத் தீர்ப்பு ஆண்டாகப் போடுவது மாணவர் கட்டுரைகளில் வாடிக்கை. தீர்ப்பு ஆண்டு, தீர்ப்புகளுக்கான ஐரோப்பிய அடையாள எண்ணான ஈசிஎல்ஐயில் இருக்கிறது. இணைத்து விசாரித்த வழக்குகளுக்குச் செலெக்ஸ் ஒன்றுதான், முதல் வழக்கின் பெயரில். கோரிக்கைகளை எண்ண வேண்டுமானால் அவற்றைப் பிரித்தாக வேண்டும். பெயரை வைத்து இணைக்க முயல வேண்டாம். 2018 ஜூலை முதல் தனிமனிதர்கள் முதலெழுத்துகளாகவும், 2023 முதல் கற்பனைப் பெயர்களாகவும் மாறிவிட்டார்கள். கோதன்பர்க் பல்கலையை ஒட்டி இயங்கும் ஐயுரோபா தரவுத்தளம் இந்தச் சுத்திகரிப்பில் பெரும்பகுதியைச் செய்து தந்திருக்கிறது. அதிலிருந்து தொடங்குவது புத்திசாலித்தனம்.

அதே 2024 சீர்திருத்தத்தில் ஆய்வாளர்களுக்கு ஒரு பரிசும் உண்டு. முன்தீர்வு வழக்குகளில் அரசுகளும் ஆணையமும் கொடுக்கும் எழுத்துக் கருத்துகள், கொடுத்தவர் மறுக்காவிட்டால், வழக்கு முடிந்தபின் வெளியிடப்படுகின்றன. கருபா, கேபல், ஹாங்க்லா 2008-இல் "அரசுகளின் எதிர்ப்பைப் பார்த்து நீதிமன்றம் வளைகிறது" என்று வாதிட்டதும், 2012-இல் ஸ்டோன் ஸ்வீட்டும் புரூனெலும் அதை மறுத்ததும் இந்தக் கருத்துகளை எப்படிப் பொருள்கொள்வது என்பதில்தான். இனி முழு உரையே கிடைக்கும். ஆனால் எந்த அரசு மறுக்கிறது என்பது தற்செயலாக இருக்காது. வெளியான உரைகளையே மொத்தம் என்று கொள்ள வேண்டாம்.

அளவுகோல்:
நன்றி. அப்படியானால் வடிவமைப்பு இப்படி வருமா: அலகு நெறியாணை × நாடு. கெடு முடிந்த நாள் தொடக்கம். முதல் கடிதம் வரை எத்தனை நாள் என்பது விளைவு. பூஜ்யக் கோப்புகள் தனி மாதிரி, 2-உம் 4-உம் தனி மாதிரி. மிஞ்சுவது ஒன்றுதான்: ஆணையத்தைச் சாராத இணக்க அளவீடு. நாடு உண்மையில் மீறியதா என்று யார் சொல்வது?

மூன்றாம்படி:
வடிவமைப்பு சரி. அளவீட்டுக்கு ஒரு மூலம் உண்டு, ஆனால் மல்லுக்கட்டி வாங்க வேண்டும். உள்நாட்டுச் சட்டம் நெறியாணையோடு பொருந்துகிறதா என்று ஆணையம் வெளியாருக்கு ஒப்பந்தம் கொடுத்து நாடுவாரியாக ஆய்வு எழுதவைக்கிறது. அதில் "பொருந்தவில்லை" என்று குறித்தும் கடிதம் போகாத நாடுகள்தான் உங்களுக்கு வேண்டியவை.

கேட்க வேண்டியது, ஒன்றிய அமைப்புகளின் ஆவணங்களைப் பெறும் உரிமை தரும் 1049/2001 ஒழுங்குமுறையின் கீழ். பதிலுக்கு 15 வேலை நாள், மறுத்தால் மறுபடி 15 வேலை நாளுக்குள் உறுதிப்படுத்தும் விண்ணப்பம். 4(2)-ஆம் பிரிவின் விசாரணை விலக்கைக் காட்டித்தான் மறுப்பார்கள். எதைக் கேட்டால் கிடைக்கும் என்பதற்கு மூன்று தீர்ப்புகளைப் படியுங்கள். 2013 நவம்பர் 14 (சி-514/11 பி, சி-605/11 பி): வழக்குக்கு முந்தைய கட்டத்தின் கோப்பு மொத்தமும் வெளியிடக்கூடாதது என்று பொதுவாக அனுமானிக்கலாம். 2017 மே 11 (சி-562/14 பி): அதே அனுமானம் பைலட்டுக்கும் பொருந்தும். ஆக எதிர்க்கேள்வி சொன்ன "பேசித் தீர்த்தது" என்பதை வெளியிலிருந்து சரிபார்க்கும் கதவு பெரும்பாலும் சாத்தப்பட்டிருக்கிறது. 2015 ஜூலை 16 (சி-612/13 பி): ஆனால் அறிவிப்புக் கடிதமே போகாத நிலையில் இருக்கும் பொருத்த ஆய்வுகளுக்கு அந்த அனுமானம் செல்லாது, ஒவ்வொன்றுக்கும் தனிக் காரணம் சொல்லியே மறுக்க வேண்டும்.

ஆகவே விண்ணப்பத்தை ஒரே கடிதமாக எழுதாதீர்கள். முதலில் அந்த நெறியாணைக்கு எந்தெந்த நாடுகளுக்கு ஆய்வு எழுதப்பட்டது என்ற பட்டியலை மட்டும் கேளுங்கள். அதை மீறல் தளத்தோடு ஒப்பிட்டுக் கடிதம் போகாத நாடுகளைப் பிரித்தெடுங்கள். அவற்றை நாட்டுக்கு ஒரு விண்ணப்பமாக, 2015 தீர்ப்பைக் குறிப்பிட்டே அனுப்புங்கள். எல்லா நாட்டையும் ஒன்றாகக் கேட்டால் கடிதம் போன நாடுகளின் கோப்போடு சேர்த்து மொத்தமாக மறுப்பதற்கு நீங்களே வழி அமைத்துக் கொடுத்ததாகிவிடும்.

எதிர்க்கேள்வி:
கடிதம் போகாத நாடுகளின் ஆய்வு கையில் கிடைத்து, அவற்றில் பாதிக்கு மேல் "பொருந்துகிறது" என்று இருந்தால் இந்தப் பக்கம் வந்து சொல்லுங்கள். பெர்ஸல் பக்கம் பேச ஆள் வேண்டும்.